மறந்துபோன ஊர்ப் பங்க் குழுக்களும் அவற்றைக் காத்த தொகுப்புத் தட்டுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் மாதம் ஒரு ஞாயிறு மாலை ரெக்கார்டு போட்டுக் கேட்கிறோம். பெரும்பாலும் 1970களின் கடைசியிலும் 80களின் தொடக்கத்திலும் வந்த பங்க் பாட்டுகள். ஏதோ ஓர் ஊரில் நாலு பேர் சேர்ந்து, கைக்காசைப் போட்டு 300, 500 பிரதி அடித்து, ஒன்றிரண்டு வருடத்தில் கலைந்துபோன குழுக்கள் பாடியவை. கடலூரிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள் உண்டு. வருகிறவர்களும், வர முடியாமல் போனில் விசாரிக்கிறவர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பங்க் என்றால் எங்களுக்குத் தெரிந்தது பெட்ரோல் பங்க். இல்லாவிட்டால் அப்பா காலேஜ் படிக்கும்போது காது மறைய வைத்திருந்த பங்க் முடி. இது எந்த பங்க்?

இது பாட்டு. கிட்டாரில் மூன்று கார்டு (சில சுரங்களைச் சேர்த்து மீட்டுவது), இரண்டரை நிமிடம், வேகம், சத்தம், கோபம். முறையாகக் கற்றுத் தேறிய பிறகுதான் மேடை ஏறலாம் என்ற எண்ணத்தைத் தூக்கிப் போட்டவர்களின் இசை. நியூயார்க்கின் ராமோன்ஸ் குழுவின் முதல் எல்.பி. (பல பாட்டு அடங்கிய பெரிய தட்டு) வந்தது 1976 ஏப்ரலில். நமக்கு அதே வருடம் 'அன்னக்கிளி' வந்தது. இரண்டுக்கும் தொடர்பு எதுவுமில்லை. காலத்தை மனதில் பதித்துக்கொள்ளச் சொல்கிறேன். இங்கே ரேடியோவில் இளையராஜாவை முதன்முதலாகக் கேட்டுக்கொண்டிருந்த நாட்களில், ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் தி செயின்ட்ஸ் என்ற குழு தன் முதல் பாட்டைத் தானே 500 தட்டு அடித்து வெளியிட்டது. லண்டன் குழுக்களின் தட்டுகள் எதுவும் அப்போது வெளிவந்திருக்கவில்லை. பங்க் என்றதும் லண்டன், நியூயார்க் என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் எடுத்துப்போடுவது இந்த பிரிஸ்பேன் கதையைத்தான்.

தொகுப்புத் தட்டு என்பது என்ன? நம் ஊரில் வந்த 'சூப்பர் ஹிட்ஸ்' கேசட் மாதிரியா?

நேர் எதிர். சூப்பர் ஹிட்ஸில் இருப்பது எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. இந்தத் தொகுப்புகளில் இருப்பது பாடியவர்களே மறந்துபோன பாட்டு. ஒரு குழுவுக்கு ஒரு பாட்டு, ஒரு பக்கத்துக்கு எட்டோ ஒன்பதோ குழு. அதில் பாதிக் குழுக்கள் வாழ்நாளில் போட்டது ஒரே ஒரு 45 தட்டுதான், நிமிடத்துக்கு 45 முறை சுற்றும் சின்னத் தட்டு.

தமிழ் படித்தவர்களுக்கு இதை விளக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி குறுந்தொகை. அதில் செம்புலப்பெயல்நீரார் என்று ஒரு புலவர் வருகிறார். அது வீட்டில் வைத்த பெயர் இல்லை. செம்மண்ணில் பெய்த மழைநீர் என்று அவர் பாட்டில் வரும் உவமையே அவருக்குப் பெயராகிவிட்டது. அணிலாடு முன்றிலாரும் ஓரேருழவனாரும் அப்படித்தான். ஆளின் பெயர் போய்விட்டது, ஊர் போய்விட்டது, பாட்டில் வந்த ஒரு சொல் மட்டும் நின்றது. யாரோ ஒருவர் உட்கார்ந்து தொகுத்ததால்தான் அதுவும் நின்றது. ஒரே பாட்டோடு கலைந்த குழுக்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் புலவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

நல்ல பாட்டு என்றால் அப்போதே பிரபலமாகியிருக்குமே. ஏன் காணாமல் போனது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தட்டு அடிப்பது கடினமில்லை, அடித்ததை விற்பதுதான் கடினம். மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு 1977 ஜனவரியில் 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' என்ற நாலு பாட்டுத் தட்டைச் சொந்தமாக வெளியிட்டது. நண்பர்களிடமும் வீட்டாரிடமும் கடன் வாங்கிய 500 பவுண்டில், முதலில் 1,000 பிரதி. ஒவ்வொரு பாட்டையும் எத்தனையாவது முறை பாடியபோது பதிவானது என்று உறையிலேயே அச்சடித்திருந்தார்கள். தொழில் ரகசியம் என்று எதையும் மூடிவைக்கவில்லை. அதே வருடம் லண்டனில் டெஸ்பரேட் பைசைக்கிள்ஸ் என்ற குழு தன் முதல் தட்டை 153 பவுண்டில் முடித்து, நீங்களும் செய்யலாம் என்று பாட்டிலேயே சொன்னது. அடுத்த வருடம் ஸ்கிரிட்டி பொலிட்டி குழு ஸ்டூடியோவுக்கு இவ்வளவு, தட்டு அடிக்க இவ்வளவு, லேபிள் அச்சுக்கு இவ்வளவு என்று கணக்கையே உறையில் எழுதிவிட்டது. கல்யாண மொய் நோட்டு மாதிரி எல்லாம் வரிசையாக இருக்கும்.

இதைப் பார்த்துவிட்டு எத்தனையோ ஊர்களில் பிள்ளைகள் தட்டு அடித்தார்கள். அடித்த 500-ஐ எடுத்துக்கொண்டு என்ன செய்வது? ரேடியோ போடாது, பெரிய கம்பெனியின் விற்பனை வலை கிடையாது. உள்ளூர் ரெக்கார்டு கடையில் இருபது வைப்பார்கள், கச்சேரிக்கு வந்தவர்களிடம் ஐம்பது விற்பார்கள், மாமா பையனுக்கும் சித்தி மகளுக்கும் சும்மா கொடுப்பார்கள். மீதி கட்டிலுக்கு அடியில். பிறகு ஒருவருக்கு வேலை கிடைக்கும், ஒருவருக்குக் கல்யாணம் ஆகும், டிரம்ஸை விற்றுவிடுவார்கள். பாட்டு மோசம் என்பதால் அழியவில்லை, அந்த ஊர் எல்லையை அது தாண்டவே இல்லை.

அப்புறம் இவற்றைத் தேடிப்பிடித்தது யார்?

ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பைத்தியக்காரக் கூட்டம். மரியாதையாகத்தான் சொல்கிறேன்.

இதற்கு முன்னோடி 1972-ல் எலெக்ட்ரா கம்பெனி போட்ட 'நக்கெட்ஸ்' என்ற இரட்டைத் தட்டு. தொகுத்தவர் லென்னி கே. 1965 முதல் 68 வரை அமெரிக்காவின் சின்னச் சின்ன ஊர்களில் கார் நிறுத்தும் கொட்டகையில் வாசித்துப் பழகிய குழுக்களின் 27 பாட்டுகள். அந்த உறைக் குறிப்பில் அவர் பங்க் ராக் என்ற சொல்லைப் பயன்படுத்தினார். பங்க் என்ற இயக்கம் வருவதற்கு நாலு வருடம் முன்பே! பிறகு அவரே பாட்டி ஸ்மித் (Patti Smith) என்ற பாடகியின் பங்க் குழுவில் கிட்டார் வாசித்தார். பழசைத் தொகுத்தவர் கையிலிருந்தே புதுசு பிறந்தது. இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்தத் தட்டை வணங்கலாம்.

1983 முதல் டிம் வாரன் என்பவர் கிரிப்ட் ரெக்கார்ட்ஸ் மூலம் 'பேக் ஃப்ரம் தி கிரேவ்' வரிசையைக் கொண்டுவந்தார். அவர் தட்டோடு நிறுத்தவில்லை. பாடியவர்களைத் தேடிக் கண்டுபிடித்துப் பேசி, அவர்கள் கதையை உறையில் எழுதினார். 1980களின் இறுதியில் 'கில்ட் பை டெத்' வரிசை வந்தது. எங்கள் மாடியில் அதிகம் ஓடுவது இதுதான். 1977-க்குப் பிந்தைய, யாரும் கேள்விப்படாத பங்க் 45கள் அதில் அடுத்தடுத்து வரும். அதைப் பார்த்து 'பிளட்ஸ்டெய்ன்ஸ்' என்ற வரிசை ஒவ்வொரு நிலமாகப் போனது, டெக்சாஸுக்கு ஒன்று, ஸ்வீடனுக்கு ஒன்று, பெல்ஜியத்துக்கு ஒன்று என்று.

அனுமதி வாங்கித்தான் போட்டார்களா?

'கில்ட் பை டெத்' அனுமதி இல்லாமல் அடித்த தட்டு. பாடியவர்களுக்குப் பணம் போகவில்லை. அது தப்பு, மழுப்ப விரும்பவில்லை. ஆனால் பல குழுக்களின் பெயர் வெளியே வந்ததே அந்தத் தப்பால்தான். அதற்குப் பிறகு முறையான மறுபதிப்பு வந்த குழுக்களும் இருக்கின்றன. என் பழக்கம் இது: தொகுப்பில் ஒரு குழு பிடித்துப்போனால் அவர்களே வெளியிட்ட மறுபதிப்பு இருக்கிறதா என்று தேடுவேன். இருந்தால் அடுத்த மாதச் சம்பளத்தில் அதைத்தான் வாங்குவேன்.

மறந்துபோய்த் திரும்பி வந்த குழுக்களில் உங்கள் மனதைத் தொட்டது எது?

டெத். டெட்ராய்ட் நகரத்தின் கறுப்பினச் சகோதரர்கள் மூவர், டேவிட், பாபி, டேனிஸ் ஹேக்னி. 1975-ல் ஏழு பாட்டுப் பதிவு செய்தார்கள், ராமோன்ஸ் தட்டு வருவதற்கு முன்பே. பெரிய கம்பெனியிலிருந்து கிளைவ் டேவிஸ் ஆர்வம் காட்டினார், ஆனால் சாவு என்ற பெயரை மாற்றச் சொன்னார். மூத்தவர் டேவிட் மறுத்துவிட்டார். 1976-ல் சொந்தக் காசில் ஒரு 45 மட்டும் போட்டார்கள், 500 பிரதி. அதோடு முடிந்தது. சகோதரர்கள் வெர்மான்ட் பக்கம் போய் வேறு இசை வாசித்தார்கள்.

டேவிட் 2000-ல் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். அதற்கு முன் ஒலிநாடாக்களைத் தம்பி பாபியிடம் கொடுத்து, பத்திரமாக வை, ஒருநாள் உலகம் இதைத் தேடி வரும் என்றாராம். சேகரிப்பவர்கள் கையில் அந்த ஒற்றைத் தட்டு சுற்ற ஆரம்பித்தது. ஒரு விருந்தில் யாரோ போட்ட பாட்டைக் கேட்ட பாபியின் மகனுக்கு அது அப்பாவின் குரல் என்று தெரிந்தது. அதுவரை பிள்ளைகளுக்கு இந்தக் கதையே தெரியாது. 2009-ல் டிராக் சிட்டி கம்பெனி அந்த ஏழு பாட்டையும் எல்.பி.யாக வெளியிட்டது. இது தொகுப்புத் தட்டின் கதை இல்லை என்று ஒரு நண்பர் திருத்தினார், சரிதான். ஆனால் பழைய 45-ஐத் தேடி அலையும் கூட்டத்தை உருவாக்கியதே தொகுப்புகள்தான்.

நீங்கள் மாடிக்கு வந்தால் அந்த எல்.பி.யை முதல் பக்கத்திலிருந்து போடுகிறேன். பாபியின் குரலை அவர் மகன் கேட்டது போலக் கேட்டுப் பாருங்கள்.

ஒரே ஊர்க் குழுக்களை வைத்து வந்த தட்டுகள் உண்டா?

உண்டு, அவைதான் எனக்கு உயிர். 1978-ல் ஸ்டிஃப் கம்பெனி அமெரிக்காவின் ஆக்ரன் நகரக் குழுக்களை வைத்து ஒரு தொகுப்புப் போட்டது. ஆக்ரன் டயர் தொழிற்சாலை ஊர். உறையைச் சுரண்டினால் ரப்பர் வாசம் வரும்படி அச்சடித்திருந்தார்கள். அடுத்த வருடம் பிரிஸ்டல் நகரத்துக்கு 'ஏவன் காலிங்', லாஸ் ஏஞ்சல்ஸுக்கு 'யெஸ் எல்.ஏ.'. 1982-ல் வாஷிங்டனுக்கு 'ஃப்ளெக்ஸ் யுவர் ஹெட்', பாஸ்டனுக்கு இன்னொன்று.

கடலூருக்கு ஒரு தட்டு வந்திருந்தால் அதன் உறையில் துறைமுகத்துக் கருவாட்டு வாசம் வர வேண்டும் என்று எங்கள் கூட்டத்தில் ஒரு தங்கச்சி சொன்னாள். அன்றைக்கு முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தோம்.

புதுச்சேரியில் பிரெஞ்சு இருக்கிறது. பிரெஞ்சு பங்க் உண்டா?

நிறைய. ஐரோப்பாவின் முதல் பங்க் விழா என்று சொல்லப்படுவது 1976 ஆகஸ்டில் தென்மேற்கு பிரான்ஸின் மோன்-து-மார்சான் என்ற சின்ன ஊரில், காளைச் சண்டை அரங்கில் நடந்தது. பாரிஸின் மெத்தால் உர்பேன் குழுவில் டிரம்ஸ் வாசிக்க ஆளே இல்லை, மெஷின்தான் அடிக்கும். லண்டனின் ரஃப் டிரேட் கம்பெனி 1978-ல் வெளியிட்ட முதல் தட்டே இவர்களுடையது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர், பள்ளியில் பிரெஞ்சு நடத்தியவர், ஒருநாள் பொறுமையாக உட்கார்ந்து எங்களுக்காக வரி வரியாகப் பொருள் சொன்னார். சில சொற்களுக்கு மட்டும் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

சொல்தா வீடுகளில் பங்க் கிடைக்குமா என்றும் கேட்கிறார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்தவர்கள் அங்கிருந்து கொண்டுவந்த 45 தட்டுகள் சில வீடுகளில் இன்னும் இருக்கின்றன. நான் பார்த்தவரை ஜானி ஹாலிடே, ஷீலா, குளோத் பிரான்சுவா என்ற பிரெஞ்சுப் பாடகர்கள்தான். பங்க் ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை, நிறுத்தவும் போவதில்லை. நடுவில் பெரிய ஓட்டை உள்ள பிரெஞ்சு 45 கிடைத்தால் அதற்கு ஒரு வட்டத் துண்டு வேண்டும். என்னிடம் நாலைந்து இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் இப்படி எதுவுமே இல்லையா?

'சிம்லா பீட் 70', 'சிம்லா பீட் 71' என்று இரண்டு எல்.பி.கள். சிம்லா என்ற சிகரெட்டின் பெயரில் நாடு முழுக்க இளைஞர் குழுக்களுக்குப் போட்டி நடத்தி, தேறியவர்களைப் பதிவு செய்தார்கள். ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ், மதராஸின் கன்ஃப்யூஷன்ஸ் எல்லாம் அதில் இருக்கிறார்கள். காலத்தால் பங்க் இல்லை, ஆனால் 'நக்கெட்ஸ்' குழுக்களின் அதே கரடுமுரடான கிட்டார் சத்தம். வெளிநாட்டில் இதை மறுபதிப்புப் போட்டு விற்றிருக்கிறார்கள். மதராஸ் பையன்களின் பாட்டைக் கேட்க நமக்கு வெளிநாட்டுப் பார்சல் தேவைப்பட்டது என்பது எனக்கு இன்னமும் உறுத்துகிறது.

பின்னால் வந்தவர்களில் மும்பையின் ரயட் பெட்லர்ஸ் நிஜமான பங்க். அருணாசலப் பிரதேசத்துப் பெண்களின் குழு ஒன்று உண்டு, பெயரே தி வினைல் ரெக்கார்ட்ஸ்.

தமிழில்?

பெயர் பங்க் இல்லை. ஆனால் 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு கானாவையும் பறையையும் கிட்டாரையும் ராப்பையும் சேர்த்துச் சாதியைப் பற்றி நேருக்கு நேர் பாடியபோது, பங்க் எதற்காக வந்ததோ அந்த வேலையைத் தமிழில் பார்த்தார்கள் என்றே நினைத்தேன். அந்தப் பக்கத்துக் கேள்வியை விரித்தால் தனியாக எழுத வேண்டும்.

எல்லாம் போனிலேயே கிடைக்கிறதே. தட்டு எதற்கு?

போனில் கேளுங்கள், நானும் கேட்கிறேன். ஆனால் போனில் ஒரு பாட்டு பிடிக்காவிட்டால் விரல் தானாகத் தள்ளிவிடும். தட்டில் ஒரு பக்கம் போட்டால் இருபது நிமிடம் எழுந்திருக்கத் தோன்றாது. பிடிக்காத ஏழாவது குழுதான் மூன்றாவது மாதம் பிடித்ததாக மாறும். இன்னொன்று, உறை. 'கில்ட் பை டெத்' உறைகள் ஜெராக்ஸ் கடைத் தாள் மாதிரி கறுப்பு வெள்ளையில், மை பரவி இருக்கும். பழைய 45களில், பாட்டு முடிந்து முள் சும்மா சுற்றும் கடைசி வளையத்தைப் பாருங்கள். டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்தால், ஆணியால் கீறியது போலக் கையெழுத்தில் ஒரு வரி தெரியும், எண்ணோ கிண்டலோ நண்பன் பெயரோ. அந்தத் தட்டை வெட்டிய ஆளின் கையெழுத்து அது. எங்கள் மாடியில் முதன்முதலாக அதைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் விரலால் தடவிப் பார்க்கிறார்கள்.

இங்கே எங்கே வாங்கலாம்?

பங்க் தட்டு வேண்டுமென்றால் வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும், இரண்டாயிரம் மூவாயிரம் ஆகும். என்னுடைய ஒரு பார்சல் சமோசா போல மடங்கி வந்தது, ஆகையால் அட்டை இரண்டு பக்கமும் வைத்துக் கட்டச் சொல்லி எழுதிவிடுங்கள். பழைய தட்டைத் தேடும் கண் பழக வேண்டுமென்றால் காந்தி வீதி ஞாயிறு சந்தைக்குக் காலையிலேயே போங்கள். கடலூரில் பழைய சவுண்ட் சர்வீஸ்காரர்களைக் கேளுங்கள். கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஓடிய தட்டுகள் அவர்களிடம்தான் இருக்கும். லேபிளில் சிவப்புப் பெயிண்டில் கடைப் பெயரும் எண்ணும் எழுதியிருக்கும். அதைச் சுரண்டி எடுக்காதீர்கள். அந்தத் தட்டு எந்தெந்தப் பந்தலில் பாடியது என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி.

கடற்கரை ஊர். தட்டு கெட்டுப்போகாதா?

தட்டு கெடாது, உறைதான் கெடும். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் வந்தபோது என் தட்டுகள் தரையில் கட்டிலுக்கு அடியில் இருந்தன. ஜன்னல் போய், அறையில் கணுக்கால் அளவு தண்ணீர். உறைகள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் ஒன்றின் முகம் இன்னொன்றின் முதுகில் வந்தது. தட்டுகளை லேபிள் நனையாமல் பிடித்துக் கழுவி, நிழலில் நிறுத்திக் காயவைத்தேன். எல்லாம் இன்றும் பாடுகின்றன. வெறும் வெள்ளை உறையில்.

அதனால் தரையில் வைக்காதீர்கள். படுக்கப் போட்டு அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். பூஞ்சை பிடித்தால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் மெல்லிய துணியும் போதும். பழைய 78 தட்டுக்கு ஸ்பிரிட் போடவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். அக்னி நட்சத்திர வெயிலில் வண்டி டிக்கியில் தட்டை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், திரும்பி வரும்போது அப்பளமாக வளைந்திருக்கும்.

என் சித்தப்பா 90களில் கடலூரில் காலேஜ் பேண்டில் கிட்டார் வாசித்தாராம். ஒரே ஒரு கேசட் இருக்கிறது. அதெல்லாம் யாருக்கு வேண்டும்?

எனக்கு வேண்டும். இந்தப் பதில்கள் எல்லாவற்றையும் எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். தேவனாம்பட்டினத்திலும் வைத்திக்குப்பத்திலும் மாசி மகத்து ராத்திரிகளில் வாசித்த ஆர்கெஸ்ட்ராக்கள், காலேஜ் விழாவில் சொந்தப் பாட்டு ஒன்றை நடுவில் நுழைத்த பையன்கள், இவர்களுக்குத் தட்டு கிடையாது. கேசட்தான் இருக்கிறது, பீரோவில் அந்துருண்டைக்குப் பக்கத்தில்.

முதலில் கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிடுங்கள், தவறி அதன்மேல் எதுவும் பதிவாகாது. பல வருடம் ஓடாதது என்றால் உடனே பிளேயரில் போடாதீர்கள். பென்சிலை விட்டு மெதுவாகச் சுற்றி நாடா இளகுகிறதா என்று பாருங்கள். உள்ளே நாடாவை அழுத்தும் சின்னப் பஞ்சு விழுந்திருந்தால் அப்படியே எடுத்து வாருங்கள், வேறு கூட்டில் மாற்றிவிடலாம். என்னிடம் தலை சுத்தம் செய்த டெக் இருக்கிறது, கம்ப்யூட்டரில் எம்.பி.3 ஆக்காமல் முழு ஒலியாக ஏற்றித் தருகிறேன். கேசட் உங்கள் கையை விட்டுப் போகாது. 60 நிமிடக் கேசட்டுக்கு 60 நிமிடம் ஆகும், பக்கத்திலேயே உட்காருங்கள்.

முடிந்தால் சித்தப்பாவையும் கூட்டி வாருங்கள். ஓடும்போது யார் டிரம்ஸ், யார் பாடினது, எந்த வருடம், எந்த ஹால் என்று அவர் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம்.